பிறந்த வீட்டு மண்

தம்பி,

நீ கோபமாகப் போனை வைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. "உனக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலைன்னா நேரா சொல்லிடும்மா, செடியச் சாக்கு வெக்காத" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு மண்டபம், சமையல்காரர், பந்திக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அப்பா வழியாகத்தான் எனக்கு வருகிறது. உன்னைக் கூப்பிடலாம் என்று நாலைந்து தடவை போனை எடுத்தேன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய், எனக்கும் சுருக்கென்று கோபம் வரும், சொல்ல வந்த விஷயம் எங்கேயாவது தொலைந்துபோகும். நம் இரண்டு பேர் வாய்க்கும் போன் சரிப்பட்டு வராது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். நடுவில் குறுக்கிட முடியாது அல்லவா, பொறுமையாகப் படி. படித்துவிட்டு கீர்த்தனாவிடமும் கொடு. வாழ வருகிற பெண், வருகிற வீட்டில் மாமியார் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டே வரட்டும்.

கீர்த்தனாவை எனக்குப் பிடிக்கும். அதை முதலில் எழுதிவிடுகிறேன். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சின்னத் தொட்டிச் செடி கொடுக்கலாம், அதுவும் கடையில் வாங்காமல் நம் வீட்டுத் தோட்டத்திலிருந்தே பிரித்துக் கொடுக்கலாம் என்றது அவள்தான் என்று சொன்னாய். ஒவ்வொரு தொட்டியிலும் "எங்கள் அம்மா கையால் பிரித்த கன்று" என்று ஒரு சீட்டு ஒட்டலாம் என்றும் சொன்னாளாம். இன்னும் தாலிகூட ஏறவில்லை, அதற்குள் என்னை எங்கள் அம்மா என்கிறாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவள், "நம்ம வூட்டுலேர்ந்து ஒரு செடி வெளிய போவாது, சொல்லிட்டேன்" என்று கத்திவிட்டேன். நீ அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

காரணம் இதுதான். நம் வீட்டு மண்ணில் பூச்சி இருக்கிறது. மூன்று வருஷமாக இருக்கிறது. அந்த மண்ணை என் கையாலேயே அள்ளி எட்டு வீட்டுக்குக் கொடுத்து எட்டுத் தோட்டத்தையும் கெடுத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி அந்தப் பழி செடிக்கடை வைத்திருந்த தனத்தின் தலையில் விழுந்தது. விழுந்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டியவள் நான்தான். வாயைத் திறக்கவில்லை. அவள் பிழைப்பு போயிற்று. விஷயம் இவ்வளவுதான், இனி எழுதப்போவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பது.

எங்கள் பூச்செடிக் கூட்டத்தை நீ கேலி செய்வாய், "ரிடையர்டு ஆன்ட்டிகள் சங்கம்" என்று. மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். அரியலூரில் சரோஜா டீச்சர் வீடு, லெப்பைக்குடிக்காட்டில் ஜமீலா வீடு, ரெட்டிபாளையத்தில் நம் வீடு என்று சுற்றி வரும். ஆளுக்கு ரெண்டு கன்று கொண்டுபோய் ரெண்டு கன்று கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் எந்தச் சட்டமும் கிடையாது. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் அரிசியும் பருப்புமாகவே பார்த்தவளுக்கு, ஓய்வு பெற்றபின் பூத்த ஒரு ரெயின் லில்லியைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொன்னால் புரியாது. அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. டீச்சருக்குப் பெயர்கள் தெரியும், ஜமீலாவின் வீட்டுக்காரர் துபாயிலிருந்து விதவிதமான தொட்டி வாங்கி வருவார், ஆனால் கன்று பிரிப்பதற்கு என் கைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இலை அழகுக்காகவே வளர்க்கிற அக்லோனிமா தூர் கட்டி நிற்கும்போது தொட்டியைச் சாய்த்துத் தட்டி, மண்கட்டியோடு வெளியே எடுத்து, எந்த வேர் எந்தக் கன்றுடையது என்று விரலாலேயே பார்த்துப் பார்த்துப் பிரிப்பேன். அறுத்த இடத்தில் மஞ்சள் தூள் தொட்டு வைப்பேன். நான் பிரித்த கன்று வாடியதாக யாரும் சொன்னதில்லை.

அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். மற்றவர்கள் வேரைக் கழுவி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். எனக்கு அது ஆகாது. "கட்டிக்குடுக்கற பொண்ண வெறுங்கையோடயா அனுப்புவீங்க?" என்று கேட்பேன். கன்று இருந்த பழைய தொட்டியிலிருந்தே ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வேரைச் சுற்றி வைத்துத்தான் கட்டிக் கொடுப்பேன். பிறந்த வீட்டு மண் கூடப் போனால் கன்று ஏங்காது, புது இடத்தில் சீக்கிரம் பிடிக்கும் என்பது என் எண்ணம். என் அம்மா மல்லிப் பதியனுக்கு அப்படிச் செய்வாள், நான் அதை எல்லாச் செடிக்கும் ஆக்கிக்கொண்டேன். கூட்டத்தில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. யார் கன்று கொடுத்தாலும் "பொறந்த வூட்டு மண்ணு வெச்சியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் பெருமையாகச் சிரிப்பேன். என்ன சீர் கொடுத்தனுப்பினேன் என்று இப்போது தெரிகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்தச் சிவப்பு ஓரம் போட்ட அக்லோனிமாவைப் பிரிக்கும்போது வேரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டியின் உள்பக்கமும் வெள்ளைப் பூச்சு மாதிரி இருந்தது. இந்த ஊரில் வெள்ளையைப் பார்த்து யார் பயப்படுவார்கள், சொல். சிமெண்ட் ஆலைத் தூசு இலையில் படிந்து துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோனவர்கள் நாம். மண்ணைத் தோண்டினாலே சுண்ணாம்புக் கல், தண்ணீர் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை, உன் அப்பா ஆலையிலிருந்து வந்து சட்டையை உதறினால் வாசலெல்லாம் வெள்ளை. சுண்ணாம்புதான் பூத்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல், செடிக்குச் சுண்ணாம்புச் சத்து நல்லதுதானே என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டு, அந்த மண்ணையே கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வைத்துக் கட்டினேன். முப்பது வருஷம் அரிசியில் வண்டும் ரவையில் புழுவும் பார்த்துப் பார்த்து ஒதுக்கிய கண் இது. அதற்குத் தன் வீட்டுத் தொட்டியில் இருந்தது தெரியவில்லை.

அந்தச் செடியில் பெரிய பங்கு தனத்துக்குப் போனது. தனத்தை நீ ஒரு தடவை பார்த்திருக்கிறாய், பொங்கலுக்கு வந்தபோது நம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தாள், ஒல்லியாக, சத்தமாகச் சிரிப்பாளே, அவள்தான். அவளுடைய அப்பா அம்மா குன்னத்துப் பக்கம் அடுத்தவர் வெங்காயக் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் பத்தாவது முடித்து, பெரம்பலூரில் ஜவுளிக்கடையில் கால் வீங்க வீங்க நின்று வேலை பார்த்துவிட்டு, அது போதும் என்று குன்னம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பச்சை வலை கட்டிச் செடி விற்க ஆரம்பித்திருந்தாள். எங்கள் கூட்டத்தில் செடியால் பிழைத்தவள் அவள் ஒருத்திதான், எங்களுக்கெல்லாம் பொழுதுபோக்கு. "அக்கா, அந்தச் செவப்ப எனக்குக் கொஞ்சம் தாராளமாப் பிரிச்சுக் குடுங்கக்கா, கடைக்கு முன்னாடி வெச்சன்னா பஸ்சுல போறவங்க எறங்கி வருவாங்க" என்றாள். நாலு கன்றாகக் கொடுத்தேன். நாலுக்கும் மண் வைத்தேன். அவள் அதைப் பெருக்கி, கூட்டத்தில் மற்றவர்களுக்கும் கொடுத்தாள், கடையிலும் விற்றாள்.

ஆறேழு மாதத்தில் எல்லா வீட்டிலும் செடிகள் துவண்டன. தண்ணீர் ஊற்றினாலும் துவண்டன, ஊற்றாவிட்டாலும் துவண்டன. நம் வீட்டில்தான் முதலில். நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, டவுனில் உரக்கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது சுண்ணாம்பு இல்லீங்கம்மா. பூச்சி. வேருலயே குடும்பம் நடத்துது பாருங்க" என்று என்னிடமும் லென்ஸைக் கொடுத்தார். அந்த வெள்ளை அசைந்தது. "மண்ணோடதான் பரவும். யாருக்காச்சும் மண்ணு கிண்ணு குடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். முதல் பொய் அது. அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், அவரிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்த ஞாயிறு டீச்சர் வீட்டில் கூட்டம். போகும்போது பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனேன், போனதும் சொல்லிவிட வேண்டும், சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும் என்று. எனக்கு முன்னால் ஜமீலா பேச்சை எடுத்துவிட்டாள். அவள் மாடித் தோட்டத்தில் பாதி போயிருந்தது, வேரில் இருப்பது பூச்சி என்று அவளும் கண்டுபிடித்திருந்தாள். "யாரையும் குத்தம் சொல்லல, ஆனா நான் மொதமொதல்ல பாத்தது தனம் குடுத்த செடியிலதான்" என்றாள். அவள் பார்த்ததைச் சொன்னாள், அதில் பொய் இல்லை. இன்னும் ரெண்டு பேர் ஆமாம் போட்டார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யாவாரம் பண்றவங்க கண்ட எடத்துலயும் வாங்குவாங்க. அதுல வந்திருக்கும். நாமதான் சூதானமா இருக்கணும்" என்றார். தனம், "நான் கண்ட எடத்துல வாங்கலீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன் தம்பி. "சரி, நான் இனிமே கொண்டாரல" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். பஸ் வர அரைமணி நேரம் ஆகியிருக்கும், அவள் அங்கே ஸ்டாப்பில்தான் நின்றிருப்பாள். நான் ஜமீலா கொண்டுவந்த சமோசாவைத் தின்றேன்.

மறுநாள் டீச்சர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். மண்ணில் பூச்சி பரவுகிறது, பஸ் ஸ்டாப் கடைகளில் செடி வாங்காதீர்கள், தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள் என்று. பெயர் போடவில்லை. குன்னம் பஸ் ஸ்டாப்பில் வேறு எந்தச் செடிக்கடை இருக்கிறது? எல்லோரும் அதன் கீழே கும்பிடுகிற கை போட்டார்கள். நானும் போட்டேன். தனமும் அந்தக் குழுவில்தான் இருந்தாள், என் கை வந்து விழுந்ததை அவளும் பார்த்திருப்பாள். செய்தி எங்கெங்கோ சுற்றியது. ஆடியில் ஆரம்பித்தது, தீபாவளிக்கெல்லாம் அந்தப் பச்சை வலை இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள் என்று காதில் விழுந்தது. குழுவிலிருந்து அவளாகவே போய்விட்டாள்.

அப்பாவிடம் அப்போதே சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "செடிதானடி, மனுசனா செத்துட்டான்? விடு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மருந்து வாங்கி ஊற்றினேன். பாதிச் செடி செத்தது, பாதி பிழைத்தது. பூச்சி குறைந்தது, போகவில்லை. கூட்டத்துக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தேன். திருச்சியில் நர்சரியில் வாங்கிய செடியை நம் வீட்டுக் கன்று என்று சொல்லிக் கொடுத்தேன். யாராவது வீட்டுக்கே வந்து கேட்டால் வெள்ளிக்கிழமை கொடுக்க மாட்டேன், கிரகணம் வருகிறது, வெயில் தாழட்டும் என்று ஏதாவது சொல்லி அனுப்பினேன். பிறந்த வீட்டு மண்ணு எங்கே என்று கேட்டால், இப்போதெல்லாம் அப்படிச் செய்யக் கூடாதாம் என்று சிரித்தேன். மூன்று வருஷமாக இப்படி.

உனக்கு ஒன்பது வயதில் பந்து பட்டு என் ரோஜாத் தொட்டி உடைந்தது நினைவிருக்கிறதா? பூனை தள்ளிவிட்டது என்றாய். உடைத்ததற்கு அடிக்கவில்லை, பொய் சொன்னதற்குத்தான் அடிக்கிறேன் என்று கரண்டியால் விளாசினேன். ராத்திரி உனக்குக் காய்ச்சல் வந்தது. அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்தவள் பிழைப்பைக் கெடுக்கிற பொய் இல்லை அது, ஒரு பூனையைச் சொன்னாய், பூனை அதைக் கேட்டு வருத்தப்படவும் இல்லை. உன்னை அடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இந்த மூன்று வருஷத்தில் பல தடவை நினைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மாவாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கீர்த்தனாவிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அந்த ஒரு நாளுக்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு வாரத்துக்கு, அப்புறம் ஒரு வருஷத்துக்கு. என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்.

நீ போனை வைத்த மறுநாள் வெற்றிலை பாக்கும் உன் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு குன்னத்தில் தனம் வீட்டுக்குப் போனேன். வாசல் முழுக்கச் சிமெண்ட் பூசி மொழுமொழுவென்று இருந்தது. ஒரு தொட்டி இல்லை, ஒரு துளசிகூட இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, வழி கண்டுபுடிச்சிட்டீங்களே" என்று எழுந்து கை கழுவினாள். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றி வாங்கினாள். உன் பெயரையும் கீர்த்தனா பெயரையும் வாய்விட்டுப் படித்தாள். டீ போட்டாள். நான் டீயை வாங்காமலேயே சொன்னேன்.

"தனம், அந்தப் பூச்சி என் வூட்டுலேர்ந்து வந்ததுடி."

"தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கி டீச்சர் வூட்டுல வெச்சே. நீங்க குடுத்த கன்னப் பிரிக்கயிலயே வெள்ளையாத்தான் இருந்துச்சு. என் மண்ணு கருப்பு மண்ணு, உங்க மண்ணு மட்டும் தனியாத் தெரிஞ்சுது. அப்ப நானும் சுண்ணாம்புன்னுதான் நெனச்சேன். அவங்க பூச்சின்னு சொன்னதும் புரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி. ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். டீயை ஆற்றிக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. காலில் விழட்டுமா என்றுகூடக் கேட்டேன், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல். "அய்ய, என்னக்கா நீங்க, வயசுல பெரியவங்க" என்று தள்ளி உட்கார்ந்தாள். நான் என்ன செய்யட்டும், நீயே சொல் என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்லி என்னக்கா ஆவப்போவுது? அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் போடுகிறார்கள், அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

போன ஞாயிறு ஜமீலா வீட்டில் கூட்டம். போனதும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உரக்கடைக்காரர் லென்ஸ், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நர்சரிச் செடியை நம் செடி என்று கொடுத்தது, எல்லாம். தெரியாமல் நடந்தது பாதி, தெரிந்தே செய்தது பாதி என்றும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் தம்பி. திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"யா அல்லா, இதையா இத்தன நாளா மனசுல வெச்சிகிட்டு இருந்தீங்க? நான் அப்பவே மறந்துட்டேன்க்கா" என்றாள் ஜமீலா. அவள் நல்லவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர், "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. அவளப் போவச் சொன்னது யாரு? அவளாத்தான போனா" என்றார். புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு பெண், ஆலத்தியூர்ப் பக்கம், "தனம்னா யாருங்க?" என்று கேட்டாள். "இங்க ஒருத்தி செடி வித்துகிட்டு இருந்தா" என்றார் டீச்சர். அவ்வளவுதான். ஜமீலா தட்டை நீட்டினாள். "ஆமா, தம்பி கல்யாணத்துக்குச் செடிதான் தாம்பூலமாமே, உங்க வீட்டுக்காரரு சொன்னாரு. எனக்கு அந்த வெள்ளை ஓரம் போட்டது எடுத்து வெச்சிருங்க" என்றாள் இன்னொருத்தி. இப்போதுதான் பூச்சியைப் பற்றிச் சொல்லி முடித்தேன். யாருக்கும் அது காதிலேயே ஏறவில்லை. அவளாகத்தானே போனாள் என்று டீச்சர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அதே வாக்கியத்தைத்தான் மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன், பிறகு எந்த முகத்தோடு சண்டை போடுவது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் தனம் கூப்பிட்டாள். அவளாகவே கூப்பிட்டாள்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

நான் என்ன சொல்ல? தனம் என்றால் யார் என்று கேட்டார்கள் என்றா சொல்ல முடியும்? பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த நேரத்துக்குள் என் வாய் மறுபடியும் தானாகச் சொல்லிவிட்டது. "எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டாங்க தனம். டீச்சர் அழுதுட்டாங்க."

"டீச்சரா?" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் முன்னால் உட்கார்ந்து கண்கலங்காமல் டீ ஆற்றியவள் தம்பி அவள். "டீச்சர் அழுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்லக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் அடுத்த மாசம் வரட்டுமாக்கா? எங்க கூட்டம்?" என்று கேட்டாள். நம் வீட்டில்தான், உன் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு. வா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? "கொண்டாந்து மாத்துறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லியே" என்றாள். நீ வந்தால் போதும் என்றேன்.

உண்மையைச் சொல்லப் போய் இப்படி ஒன்றைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. வந்து உட்கார்ந்ததும் டீச்சர் முகத்தைப் பார்ப்பாள். டீச்சர் நடிக்கிற மனுஷி இல்லை, "அட, எங்க இருக்க இப்ப?" என்று சாதாரணமாகக் கேட்பார். ஒரு நொடியில் தனத்துக்குத் தெரிந்துபோகும். முன்னால் நான் பேசாமல் இருந்து அவளைக் கெடுத்தேன், இப்போது பேசிக் கெடுத்திருக்கிறேன். இன்றே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிடு என்று நீ சொல்வாய். மேலே அதைத்தானே உனக்கு நானே எழுதியிருக்கிறேன். மூன்று நாளாகப் போனை எடுக்கிறேன், வைக்கிறேன். அந்த அழுகையை அவளிடமிருந்து திரும்ப வாங்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் வருவதற்குள் எனக்குத் தைரியம் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. கல்யாணத்துக்குச் செடி வேண்டாம், தேங்காயே கொடுங்கள். என் கையால் பிரித்தது என்று எதிலும் சீட்டு ஒட்ட வேண்டாம் என்று கீர்த்தனாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

இன்று காலையில் தனம் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். புதிதாக ஒரு அக்லோனிமா வாங்கியிருக்கிறாள், சிவப்பு ஓரம் போட்டதுதான், எங்கே தேடிப் பிடித்தாளோ. செடியின் முகத்தை எடுக்கவில்லை. மண்ணையெல்லாம் உதறிவிட்டு, நாலு தண்ணீரில் அலசி, வேரை மட்டும் உள்ளங்கையில் விரித்து வைத்துக் கிட்டத்தில் எடுத்திருக்கிறாள். கீழே எழுதியிருக்கிறாள், "ஒரு பூச்சி இல்லக்கா, நல்லா பாத்துட்டேன். டீச்சர்கிட்டயும் காமிங்க. எடுத்துட்டு வரலாமா?"

நான் இன்னும் பதில் போடவில்லை.

அம்மா